லீவுக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளைக்குக் குடும்பக் கதையைக் கொடுப்பது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

யூலை பிறந்தால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீட்டு வாசல்களில் கொழும்பு வான்கள் வந்து நிற்கும். லண்டன், பாரிஸ், சூரிச், டொரன்டோ என்று எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள் இறங்குவார்கள். அங்கே பள்ளி விடுமுறை, இங்கே கடல் அடங்கிக் கிடக்கும் காலம். மூன்று கிழமை நின்று, கடலில் குளித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றி, கோணேசரைக் கும்பிட்டு, நுளம்புக் கடியோடு திரும்பிப் போவார்கள். அப்பா எதற்காக 19 வயதில் இந்த ஊரை விட்டுப் போனார் என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வசனம்தான்: "உங்களுக்காகத்தான் நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டனாங்கள்." இது கணக்குக் காட்டாத கடன். எவ்வளவு, யாருக்கு, எப்போது வாங்கியது என்று தெரியாத கடனை அடைக்கப் புறப்படும் பிள்ளை, தனக்கு விருப்பமோ இல்லையோ மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும். இரண்டாம் வருடத்தில் முறிந்து நிற்கும். இன்னொரு பிள்ளை கடனே வேண்டாம் என்று தமிழையும் சேர்த்துக் கைகழுவிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்று: கணக்கைப் பெயரோடும் வருடத்தோடும் காட்டுவது. அதைத் திருகோணமலையில் இருக்கும் நீங்கள்தான் செய்ய முடியும். ஆட்களும் கடதாசிகளும் இங்கேதான் இருக்கின்றன.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ரொபின் பிவுஷ் இருவரும் 2001 அளவில் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். அம்மாவும் அப்பாவும் எங்கே சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். கூடுதலாக விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. ஆனால் விடைகளைப் பாடமாக்கிக் கொடுத்தால் பலன் வராது என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையிலும் பயணத்திலும் திரும்பத் திரும்பக் கதைத்த வீட்டில்தான் அந்த விடைகள் பிள்ளைக்குச் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரே நாளில் உட்கார வைத்து வரலாற்று வகுப்பு நடத்தாதீர்கள்.

வருவதற்கு இரண்டு மாதம் முன்பு

முதலில் பெற்றோரோடு தனியாகக் கதையுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் எல்லாம் குழம்பும். அகதி வழக்கில் கொடுத்த வாக்குமூலம், காணாமல் போன தம்பி, முதல் கலியாணம் என்று பிள்ளைக்கு இன்னும் சொல்லாத விசயம் பல வீடுகளில் இருக்கும். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் போட்டுடைத்தால், பிள்ளை இரவு அம்மாவிடம் அழுதுகொண்டு போய் நிற்கும். அதன்பிறகு ஊர்க்கதை என்றாலே அம்மா கதவைச் சாத்திவிடுவார்.

அடுத்தது வம்சக் கொடி. ஏ3 தாளில், பென்சிலால், நான்கு தலைமுறை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று விசயம் எழுதுங்கள்: பிறந்த ஊர், செய்த தொழில், எங்கிருந்து எங்கே எந்த வருடம் போனார். மூன்றாவதுதான் முக்கியம். பட்டினத்துக் குடும்பங்கள் பலவற்றில் பூட்டன் ஒருவராவது யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருப்பார். 1957 இல் பிரித்தானியர் கையளிக்கும்வரை இங்கே அவர்களின் கடற்படைத் தளம் இருந்தது. டொக்கியாட் வேலை பல ஊர் ஆட்களை இங்கே இழுத்தது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு போட்டபோது ஊரை விட்டு ஓடியவர்களும் உண்டு. இதையெல்லாம் தாளில் பார்க்கும் பிள்ளைக்கு, இடம்பெயர்தல் அப்பாவோடு தொடங்கவில்லை என்பது தானாகவே விளங்கும். கொடியில் பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். "இன்னாரின் மனைவி" என்று எழுதிவைத்த தாள்கள் எத்தனையோ கண்டிருக்கிறோம். பாதிக் கதை அதிலேயே போய்விடுகிறது.

கடதாசிகளைத் தேடி ஒரு பெட்டியில் போடுங்கள்: பழைய குடும்ப அட்டை, பங்கீட்டு அட்டை, பள்ளி விடுகைப் பத்திரம், காணி உறுதியின் பிரதி, வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கடிதத்தின் முத்திரையுள்ள உறை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம். தெரியாவிட்டால் வருடத்தைச் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும், நேரம் பிடிக்கும். பிள்ளை வந்து நிற்கும் கிழமையில் இதற்கு அலையாதீர்கள்.

முதல் மூன்று நாள்

தமிழில் சோதனை வைக்காதீர்கள். வாசலிலேயே "தமிழ் தெரியுமோ? எங்க, ஒண்டு சொல்லு பாப்பம்" என்று பெரியம்மா தொடங்கினால் அந்தப் பிள்ளை மூன்று கிழமையும் வாய் திறக்காது. பல பிள்ளைகளுக்குக் கேட்டால் விளங்கும். பதில்தான் ஆங்கிலத்திலோ டொச்சிலோ வரும். நீங்கள் தமிழில் கேளுங்கள், அது தன் மொழியில் சொல்லட்டும். மூத்த பிள்ளை எட்டு வயதில் போனதென்றால் தமிழ் நிற்கும், அங்கே பிறந்த இளையது தடுமாறும். இரண்டையும் ஒப்பிட்டுக் கதைப்பது இளையதை ஊரிலிருந்தே தள்ளிவிடும்.

இன்னொன்று. அங்கே ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் அம்மா அப்பாவுக்காக மொழிபெயர்ப்பது பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். பத்து வயதில் அப்பாவின் நோயை வைத்தியருக்குச் சொல்லிப் பழகிய பிள்ளை வயதுக்கு மிஞ்சிய பொறுப்போடு வளரும்; பெரியவர்களின் பயம் எல்லாம் அதன் காதில் விழுந்திருக்கும். இங்கேயாவது அதற்கு ஓய்வு கொடுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால் உள்ளூர் மச்சானையோ மச்சாளையோ பிடியுங்கள்.

பதிவு செய்யும் முறை

கேள்வி கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஆளுக்கு 40 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அப்பம்மா களைத்துவிடுவார், பிள்ளை போனைப் பார்க்கத் தொடங்கும்.

நேரம் காலை ஆறரை. கச்சான் காற்றுக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாது. விசிறிச் சத்தம் குரலை விழுங்கிவிடும். விறாந்தை வேண்டாம், காற்றும் காகமும் பதிவைக் கெடுக்கும். உள்ளறையில், மடித்த துவாயின் மேல், கதைப்பவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனை வையுங்கள். துவாய் இல்லாவிட்டால் மேசையில் கை படும் ஒவ்வொரு தட்டும் பதியும். போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். முதல் பத்து விநாடியில் திகதி, இடம், யார் கதைக்கிறார், யார் கேட்கிறார் என்று பிள்ளை சொல்லட்டும். சாதாரண தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 60 மெகாபைட்தான், இடத்துக்குப் பயப்பட வேண்டாம்.

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "என்ன செய்யிறது, எல்லாம் விதி" என்பதற்கு மேல் பதில் வராது. பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் கதை வரும். பழைய குடும்ப அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பெயர் இருக்கும், ஒன்றிரண்டு சிவப்பு மையால் வெட்டப்பட்டிருக்கும். கதை இப்படிப் போகும்:

"அப்பம்மா, ஏன் அப்பான்ர பெயர் வெட்டிக் கிடக்கு?"

"அவன் கொழும்புக்குப் போய் ஆறு மாசமாச்சு. ஆள் இல்லாட்டிச் சாமானும் இல்லை எண்டு விதானையார் வெட்டிப்போட்டார்."

"அவர் போறதுக்கு யார் காசு குடுத்தது?"

"உன்ர மாமி. கையில கிடந்த ரெண்டு காப்பையும் கழட்டித் தந்தவள்."

அந்த மாமி அடுத்த அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். கடனுக்கு இப்போது ஒரு முகம் இருக்கிறது; அதை அடைக்க மருத்துவராகத்தான் வேண்டும் என்றில்லை, மாமியோடு இருந்து கதைத்தாலே ஒரு பங்கு போகும்.

1983, 1990, 2006 என்று கலவரமும் போரும் நடந்த வருடத்தைச் சொன்னாலே சிலருக்குக் குரல் மாறும். சுனாமி வந்த 2004 மார்கழி 26 உம் அப்படித்தான். ஆள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், பதிவை அணையுங்கள். "பிறகு?" என்று தூண்டக் கூடாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு சாவு, காணாமல் போனது பற்றிக் கேட்கவே வேண்டாம். பதிவில் அயலவர் பெயர் வந்தால் அதை யூடியூபிலோ டிக்டொக்கிலோ போடக் கூடாதென்று பிள்ளையிடம் முதலே சொல்லிவிடுங்கள். அங்கே விளையாட்டாகத் தெரிவது இங்கே இருப்பவர்களுக்குத் தலையிடி.

படங்களில் கண்ணாடியோடு ஒட்டிப்போனதைப் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே, பக்கத்து யன்னல் வெளிச்சத்தில், சற்றுச் சரித்துப் படம் எடுங்கள். ஸ்கான் செய்வதென்றால் சிறிய படத்துக்கு 600 டிபிஐ, ஏ4 கடதாசிக்கு 300. பின்பக்கத்தில் பெயர் எழுத மென்பென்சில். போல்பொயின்ட் முன்பக்கம் வரை தடம் விடும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் சுருங்கிவிடும்.

ஊரைச் சுற்றிக் காட்டுவது

அரை நாள் போதும். அப்பா படித்த பள்ளிக்கூட வாசல், பத்திரகாளி அம்மன் கோயில், கோட்டை வாசல் மான்கள், மேலே கோணேசர். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லோடு கோட்டை கட்டியது 1620களில். ஓட்டோவில் பறக்காமல் நடந்து போங்கள்; நடக்கும்போதுதான் பிள்ளை கேள்வி கேட்கும்.

"என்னவாக வரப் போறாய்?"

இந்தக் கேள்வியை ஊரே கேட்கும். பிள்ளைக்கு அது பரீட்சை மாதிரித்தான் கேட்கும். ஏன் எங்கள் வீடுகளில் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று மூன்றே பதில் சரியாகிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொன்னால் பாதிச் சண்டை தீரும். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அரச உத்தியோகக் கதவு ஒடுங்கியது. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் (பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியைச் சரிக்கட்டுவது), 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவபீட இடம் ஒன்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிய காலம் அது. மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில இடங்களைத் திறந்ததும் உண்மை. ஆகவே யாழ்ப்பாணத்து அப்பாவும் திருகோணமலை அம்மாவும் ஒரே காலத்தை இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். இரண்டையும் பதியுங்கள், யார் சரியென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிறகு ஒரு தாளை மூன்றாக மடித்து, முதல் பகுதியில் பிள்ளை தனக்குப் பிடித்த மூன்று வேலையை எழுதட்டும். இரண்டாவதில், அம்மா அப்பா ஒவ்வொன்றுக்கும் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவர்களே எழுத வேண்டும்: சம்பளமா, மரியாதையா, கலியாணச் சந்தையா? உண்மையை எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதில், அந்தப் பயம் இன்று அந்த நாட்டில் எவ்வளவு சரி என்பதைப் பிள்ளை தேடி எழுதட்டும். பயம் சரியாகவும் இருக்கலாம். விசா, சம்பளம், இனப்பாகுபாடு எல்லாம் கற்பனையல்ல. அமெரிக்காவில் கிரேஸ் காவோவும் மார்த்தா டியெண்டாவும் 1995 இல் எழுதிய ஆய்வு, குடியேறிய பெற்றோரின் நம்பிக்கை பிள்ளையின் படிப்பைத் தூக்கிவிடுகிறது என்று காட்டியது. எங்கள் வீடுகளில் சிக்கல், அந்த நம்பிக்கை மூன்றே தொழிலுக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான்.

பெரிய பிழை மச்சான் மச்சாளோடு ஒப்பிடுவது. "இவன் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறான், நீ?" என்பது இரண்டு பிள்ளைக்கும் அடி. இங்கே பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கில் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையில் மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளை டியூசனே கதியென்று கிடப்பது அதனால். அங்கே வழி வேறு, போட்டி வேறு.

ஒப்பிடுவதற்குப் பதிலாக இரண்டையும் தனியே கதைக்க விடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைக்குத் தெரிவது வந்தவனின் சப்பாத்தும் போனும்தான்; "எப்படியாவது வெளியில போனால் சரி" என்ற இலட்சியம் அங்கிருந்துதான் முளைக்கிறது. வந்தவன் தன் அப்பா இரவு வேலைக்குப் போவதையும், அறை வாடகையையும், பெயரை வாத்தியார் பிழையாகக் கூப்பிடுவதையும் சொல்லட்டும். பெரியவர்கள் சொன்னால் நம்பாததை வயதொத்தவன் சொன்னால் நம்பும்.

திரும்பிப் போன பிறகு

பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள்: பிள்ளையின் கணினி, திருகோணமலை மாமியின் பென்ட்ரைவ், இணையச் சேமிப்பு ஒன்று. மாதம் ஒருமுறை, ஒரே ஞாயிற்றுக்கிழமை, 20 நிமிட வீடியோ அழைப்பு; ஒவ்வொரு முறையும் கொடியில் ஒரு பெயர் மட்டும். எழுத்தாக்கும் வேலையை இரு பக்கத்துப் பிள்ளைகளும் பங்குபோடட்டும்: இங்கே இருப்பவர் தமிழில் எழுத, அங்கே இருப்பவர் தன் மொழிக்கு மாற்றுவார். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். மாமியின் காப்புக் கதையை மட்டும் முதலில் எழுதச் சொல்லுங்கள். மாமிக்கு வாசித்துக் காட்டி, பிழை திருத்தி, அதன் பிறகு மற்றதைத் தொடுங்கள்.