கம்பம் பள்ளத்தாக்கின் மலையையும் மழையையும் நாமே வரைந்து பார்க்கலாம்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒயினுக்கும் போகிற பழம் இது. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு படம் போதும்: மலையின் குறுக்குவெட்டு ஒன்று, மாத மழை ஒன்று. முதலாவது பத்து நிமிட வேலை. இரண்டாவதில் ஒரு வாரம் போனது.

படி 1: மலையை வெட்டிப் பார்ப்பது

கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் திறவுங்கள். கைபேசி வேண்டாம், கோடு நேராக வராது. 'ஆட் பாத்' எடுத்து, மேற்கே கம்பம்மெட்டில் தொடங்கி, கம்பம் ஊர் வழியாகக் கிழக்கே மேகமலை வரை கோடு இழுங்கள். அப்புறம் வலது கிளிக், 'ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்'. இரண்டு பக்கமும் மலை, நடுவில் சுமார் 400 மீட்டர் உயரத்தில் தரை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பள்ளத்தில் காய்ந்து இறங்குகிறது.

(பின்சேர்க்கை: அந்த வரி மெனுவிலேயே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கோட்டை முதலில் சேமியுங்கள். பிறகு இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்யுங்கள்.)

படி 2: மழை

நான் சறுக்கியது இங்கேதான். நாசா பவர் என்ற வானிலைத் தரவுத் தளத்தில் கம்பத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து மாத மழையை எடுத்தேன். ஜூன், ஜூலையில் கோடு நன்றாக ஏறி நின்றது. சுருளிப்பட்டியில் பந்தலுக்கடியில் நின்ற தோட்டக்கார அண்ணனிடம் காட்டினேன். "ஆனி, ஆடியில இங்க காத்தும் சாரலுந்தான் தம்பி. மழைன்னா ஐப்பசிதான்" என்றார்.

அவர் சொன்னதே சரி. அந்தத் தளத்தின் மழைக் கட்டம் ஒவ்வொன்றும் 0.5 பாகைக்கு 0.625 பாகை, அதாவது சுமார் 55 கி.மீ.க்கு 70 கி.மீ. நாம் புள்ளியைக் கம்பத்தில் வைத்தாலும், மேகமலையும் பெரியாற்றுக் காடும் சேர்ந்த சராசரிதான் வரும். பள்ளத்தாக்கின் அகலமோ அதில் ஒரு துண்டு.

அதனால் சிர்ப்ஸ் (CHIRPS) என்ற மழைத் தரவை எடுங்கள். அதன் கட்டம் ஏறக்குறைய 5.5 கி.மீ., 1981 முதல் கிடைக்கிறது. க்ளைமேட் எஞ்சின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். முப்பது ஆண்டுச் சராசரி போட்டு, லிப்ரே ஆபீஸில் பட்டை வரைபடமாக்குங்கள். கம்பத்துக்கு ஒன்று, தேக்கடிக்கு ஒன்று என இரண்டும் வரைந்து பக்கத்தில் வையுங்கள். மலை செய்கிற வேலை கண்முன் தெரியும்.

படி 3: கவாத்தைக் குறிப்பது

இங்கே குளிர்காலம் கொடியைத் தூங்கவைப்பதில்லை. கொடியை வெட்டிவிடும் கவாத்துதான் பருவத்தைத் தொடங்கிவைக்கிறது. டிசம்பர்-ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல்-மே அறுவடை, மே-ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்-செப்டம்பர். இந்த இரண்டையும் மழைப் படத்தின்மேல் வண்ணத்தில் தீட்டுங்கள். அக்டோபர், நவம்பர் மட்டும் வெறுமையாக நிற்கும். பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் மணி வெடித்துவிடும். பந்தலில் கைக்கெட்டும் உயரத்தில் அப்படி ஒரு குலையைப் பார்த்தேன். தோல் கீறி, சாறு அடுத்த மணிகளில் வழிந்து, எறும்பு ஏறியிருந்தது.

மழைப் படத்தில் தெரியாத தண்ணீர் ஒன்றும் உண்டு. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் நீர் அது. அது ஓடும் ஆற்றை நீலக் கோடாக வரைந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.