பந்தயத்துக்கு முந்தைய ஆறு நாள்: மதுரையிலிருந்து முதல் 70.3 டிரையத்லானுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மைலில் கூட்டினால் 70.3 வரும், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். போட்டி வரும் ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019-ல் தொடங்கிய போட்டி மாதிரி, கடலில் நீந்தும் போட்டி.

இந்த வாரம் செய்யும் கடும் பயிற்சி எதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கைகொடுக்காது. அதன் பலன் உடம்பில் சேர ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், களைப்பு மட்டும் அன்றைக்கே வந்து உட்காரும். அதனால்தான் பயிற்சியைக் குறைக்கிறோம். இதை டேப்பர் என்பார்கள். குறைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு: நேரத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். வேகத்தையும் சேர்த்துக் கைவிட்டால் கால் மரத்துப் போனது போல இருக்கும். வாரம் 9 மணி நேரம் பயிற்சி செய்தவருக்கு இந்த வாரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போதும்.

திங்கள்

முழு ஓய்வு. மாலையில் நடந்தால் போதும்.

செவ்வாய்: சைக்கிள், 60 நிமிடம்

காலை ஐந்தரைக்குள் கிளம்பி அழகர்கோவில் சாலையில் போய் வரலாம். பேருந்து நெரிசல் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். 15 நிமிடம் மெதுவாக, பிறகு போட்டி வேகத்தில் 5 நிமிடம் மூன்று முறை, இடையில் 3 நிமிடம் இளைப்பாறல். மீதி வீடு திரும்ப.

இது சைக்கிளுக்கான பரிசோதனையும்கூட. போட்டியன்று போடும் டயர், ஷூ, டிரைசூட் (மூன்று பிரிவுக்கும் போடும் ஒரே உடை), பாட்டில் எல்லாவற்றோடும் ஓட்டுங்கள். எல்லா கியரையும் ஏற்றி இறக்குங்கள். பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது செயின் தயங்கினால் கேபிளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஷூவைப் பெடலோடு மாட்டும் கிளீட்டின் போல்ட்டை ஆலன் கீயால் இறுக்குங்கள். இது தளர்ந்தால் ஷூ பெடலில் சுற்றுமே தவிரக் கழலாது, அப்படியே சாய்ந்து விழுவீர்கள். டயரில் வெட்டு இருந்தால் அன்றைக்கே மாற்றி, புதன் மாலை 20 நிமிடம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதன் தாண்டிய பிறகு சைக்கிளில் எதையும் மாற்றக்கூடாது. சீட்டை 5 மி.மீ. உயர்த்தலாமா என்ற யோசனை சரியாக வியாழன் இரவுதான் வரும். வந்தால் படுத்துத் தூங்குங்கள்.

புதன்: நீச்சல், 1200 மீட்டர்

ரேஸ்கோர்ஸ் நீச்சல்குளமோ, நீங்கள் வழக்கமாகப் போகும் இடமோ, புதிய குளம் வேண்டாம். 300 மீட்டர் மெதுவாக, 8 முறை 50 மீட்டர் போட்டி வேகத்தில், மீதி 500 மீட்டர் நிதானமாக. இந்த 500-ல் ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி எதிரே பாருங்கள். கடலில் தரைக்கோடு கிடையாது, மிதவையைத் தேடித்தான் நீந்த வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து வேகம் போய்விடும்.

கடல் பழக்கம் இல்லையே என்று இந்த வாரம் ராமேஸ்வரம் ஓட வேண்டாம். போக வர ஒரு நாளும் இரண்டு தூக்கமும் பாழ்.

வியாழன்: ஓட்டம், 25 நிமிடம்

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கி.மீ., சமதளம். கடைசி ஐந்து நிமிடத்தில் 20 விநாடி விரைவோட்டம் நான்கு. மூச்சு வாங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

இதே நாளில் முழங்காலில் குத்துகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்று தோன்றத் தொடங்கும். பயிற்சி குறைந்ததும் கவனமெல்லாம் உடம்பின் மேல் திரும்புவதால் வரும் பொய்வலிகளே பெரும்பாலும். ஒரே இடத்தில் நிலையாக, நடக்கும்போதும் வலித்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். புதிதாக மசாஜ் வேண்டாம். அழுத்திப் பிடித்துவிட்ட தொடை இரண்டு நாள் வலிக்கும்.

மலையும் வேண்டாம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு அழகர்மலையோ யானைமலையோ காட்டலாம் என்று கிளம்பினால், ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைக் கெடுக்கும். அந்த வலி அன்று தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அதாவது போட்டியன்று.

சாப்பாடு: வெள்ளி, சனி

பலரும் தப்பு செய்வது இங்கேதான். தசையில் கிளைகோஜன் (மாவுச்சத்திலிருந்து உடம்பு சேமித்து வைக்கும் எரிபொருள்) நிரம்ப, கடைசி 36 முதல் 48 மணி நேரத்துக்கு மாவுச்சத்து அதிகம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் என்று கணக்கிடுங்கள். 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். இதை வயிறு முட்டத் தின்பது என்று புரிந்துகொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடக் கூடாது. அளவு கூடுவதில்லை, தட்டில் இருப்பது மாறுகிறது: எண்ணெயும் நாரும் காரமும் குறைந்து சோறு கூடும்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் 560 கிராம் எப்படி வரும் என்று பாருங்கள். காலையில் 6 இட்லி, 2 வாழைப்பழம்: 120. பதினொரு மணிக்கு 75 கிராம் வெள்ளை அவல், 25 கிராம் வெல்லம்: 80. மதியம் வெந்த சோறு 400 கிராம், தெளிந்த ரசம், கொஞ்சம் தயிர்: 115. மாலை 4 துண்டு பிரெட், ஜாம்: 80. இரவு ஏழு மணிக்குள் 5 இட்லி, சர்க்கரை, ஒரு பழம்: 105. மீதி 60 கிராம், நாள் முழுக்கக் குடிக்கும் ஒரு லிட்டர் சர்பத்தில் வந்துவிடும். இட்லிக்குச் சட்னி ஒன்று போதும்.

கீரை, சுண்டல், சிறுதானியம் எல்லாம் நல்லவைதான், வியாழன் வரை சாப்பிடலாம். வெள்ளியும் சனியும் மட்டும் வேண்டாம். குடலில் தங்கும் நார், ஓட்டத்தின் 10-வது கிலோமீட்டரில் கழிப்பறையைத் தேட வைக்கும். பரோட்டா, சால்னா, கறிதோசை, ஜிகர்தண்டா நான்கையும் போட்டி முடிந்த திங்கள் காலைக்கு ஒத்திவையுங்கள். தூங்கா நகரத்தில் இரவு பதினொரு மணிக்கும் கடை திறந்திருக்கும் என்பது தெரிந்ததே, இந்த வாரம் அந்தத் தெருப்பக்கம் போக வேண்டாம்.

எடை ஒன்று, ஒன்றரை கிலோ கூடினால் பதற வேண்டாம். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. வெயிலில் ஓடும்போது அது வேண்டும்.

இளநீரை நம்பி உப்பை விட்டுவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். சாப்பாட்டில் வழக்கமான உப்போடு மோருக்குக் கூடுதலாக ஒரு சிட்டிகை போடலாம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும்.

வெள்ளி: பயணம், பெட்டி கட்டுதல்

சைக்கிளைப் பிரிக்கும்போது முதலில் சீட் போஸ்டின் உயரத்தில் எலெக்ட்ரிகல் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பெடல் கழற்றும்போது நினைவிருக்கட்டும்: வலது பெடல் வழக்கம் போல இடஞ்சுழியாகக் கழலும், இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் வரும். தெரியாமல் பலம் போட்டால் பெடல் மாட்டும் கிராங்கின் மரை போய்விடும்.

செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டிரெயிலியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். அப்படியே விட்டால் பெட்டியைப் போடும்போது, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும். வளைந்த ஹேங்கரோடு ஏற்றத்தில் மிக எளிதான கியருக்கு மாற்றினால் டிரெயிலியர் கம்பிகளுக்குள் சிக்கும். உங்கள் சைக்கிளுக்கான மாற்று ஹேங்கர் ஒன்று கையில் இருப்பது நல்லது. டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 குப்பியை விமானத்தில் அனுமதிப்பார்கள் என்று நம்பாதீர்கள், கைப்பம்பு போதும். இரண்டு டியூப், டயர் லீவர், டிரைசூட், நீச்சல் கண்ணாடி, ஷூக்கள் கட்டாயம். இவற்றில் ஷூவும் டிரைசூட்டும் கண்ணாடியும் கைப்பையில் வரட்டும்.

அன்று இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். சனி இரவு பெரும்பாலும் யாருக்கும் தூக்கம் வராது, வெள்ளி இரவு தூங்கியிருந்தால் அது பாதிக்காது.

சனி

காலையில் கடலில் 10 நிமிடம், சைக்கிள் 20 நிமிடம், ஓட்டம் 10 நிமிடம். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய சைக்கிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு சைக்கிளை டிரான்சிஷனில் (ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) நிறுத்திவிட்டு வர வேண்டும். வெயிலில் நிற்கும் டயரில் காற்றழுத்தம் ஏறி டியூப் வெடிக்கலாம். அதனால் 20 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை 70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 85 வரை, 28 மி.மீ. டயரில் 65 முதல் 70 வரை அடித்துக்கொள்ளலாம். செயினை எளிதான கியரில் விட்டு வையுங்கள், கிளம்பும் இடத்தில் மிதிக்கத் திணற வேண்டியிருக்காது.

சைக்கிள் பாட்டில்களை இரவே தயார் செய்யலாம்: 750 மி.லி. கொதித்து ஆறிய நீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை. மணிக்கு ஒரு பாட்டில் கணக்கு. பயிற்சியில் இதைக் குடித்துப் பழகியிருந்தால் மட்டும். இல்லையென்றால் பழகியதையே எடுத்துப் போங்கள், சனி மாலை கடையில் தரும் புது எனர்ஜி ஜெல்லை வாயில் வைக்காதீர்கள்.

ஞாயிறு அதிகாலை

தொடக்கம் ஏழு மணி என்றால் நான்கு மணிக்கு 4 இட்லி, சர்க்கரை, 2 வாழைப்பழம், பழக்கமிருந்தால் காபி. விடுதியில் அந்நேரத்துக்கு இட்லி கிடைக்காது, சனி இரவே வாங்கிவைத்தால் புளிக்கும். குளிர்பெட்டி இல்லாத அறையென்றால் பிரெட்டும் ஜாமும் பத்திரம்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வாசலைன் பூசுங்கள். உப்புநீரில் உராயும் இடம் அரை மணியில் எரியத் தொடங்கும். பூசிய கையாலேயே கண்ணாடியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். மணலில் நடந்து தொடக்கக் கோட்டுக்குப் போகப் பழைய ரப்பர் செருப்பு ஒன்று போதும், திரும்பி வரும்போது அது அங்கே இருக்காது.