கடன் நோட்டிலிருந்து ஐடி வேலைக்கு

தம்பி, ஐடி வேலை வேணும்னா சர்டிபிகேட் சேர்க்கிறதை விடு. ஒரே ஒரு புரோகிராமை முழுசா எழுதி முடி.

பாளையங்கோட்டையில படிக்கும்போது எங்க அப்பாவோட பலசரக்குக் கடைக் கடன் நோட்டைத்தான் நான் புரோகிராமா எழுத எடுத்தேன். பேரு, தேதி, பாக்கி. புரோகிராம் எழுதப் பைத்தான் மொழியும், தகவலைச் சேமிச்சு வைக்க எஸ்கியூலைட்டும் போதும். பாதிப் பணம் கட்டினவங்க பாக்கி மட்டும் கழியவே இல்ல. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. இன்டர்வியூல அதைத்தான் அரைமணி நேரம் கேட்டாங்க.

எழுதினதை அன்னன்னைக்கே கிட்ஹப்ல ஏத்து, அது புரோகிராம்களைச் சேமிச்சு மத்தவங்களுக்குக் காட்டுற இணையதளம். தேதிவாரியா உன் உழைப்பு தெரியும். அடிப்படைக்கு ஐஐடி ஆசிரியர்கள் ஆன்லைன்ல நடத்துற என்பிடெல் பாடங்கள் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம்.

சென்னைதான் கதின்னு நினைக்காத. தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு 2011-லயே ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி வந்தாச்சு. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான்லயும் ஐடி பூங்கா இருக்கு.

இன்னைக்கு ராத்திரியே ஒரு தாள்ல உன் புரோகிராமுக்கு என்னென்ன கட்டம் வேணும்னு பென்சிலால கோடு போடு.