ஃபெண்டனில் பேட்ச் ஒட்டியவரை வீட்டில் கவனிப்பது எப்படி

புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதித் தரும், தோலில் ஒட்டும் ஃபெண்டனில் பேட்ச் நல்ல மருந்து. பயந்து ஒதுக்க வேண்டாம். ஆனால் கடும் வலிக்குத் தரும் மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் குமரி மாவட்டக் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேல்கையிலோ நெஞ்சிலோ புண்ணில்லாத இடத்தை வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். சோப்பு, எண்ணெய் கூடாது. பேட்ச்சை வெட்டவும் கூடாது. நம்மூர் வேர்வைக்கு ஓரம் பெயர்ந்தால் ஓரத்தில் மட்டும் மெடிக்கல் டேப் போடலாம். வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டிய நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள். புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்தாயிற்றா என்று முதுகுவரை பாருங்கள். மறந்துபோன பழைய பேட்ச்சோடு புதியதும் சேர்ந்தால் மருந்து இரட்டிப்பாகும்.

வலிக்கிறதே என்று வர்ம எண்ணெய் தேய்த்து, சூடாகக் கிழி ஒத்தடம் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். பேட்ச் இருக்கும்வரை அது வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடி, மெல்ல இறங்க வேண்டிய மருந்து மளமளவென்று இறங்கிவிடும். காய்ச்சலிலும் இதே ஆபத்து. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மது கூடவே கூடாது. தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கழற்றிய பேட்ச்சிலும் குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வர மடித்து, பூட்டிய டப்பாவில் போட்டு, மருந்து தந்த இடத்திலேயே ஒப்படையுங்கள்.

அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 12க்கு மேல் இருக்க வேண்டும்; எட்டுக்குக் கீழே போனாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, குறட்டையும் கொரகொரப்புமாக, உலுக்கியும் எழாமல் கிடந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். பேட்ச்சை உரித்தெடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நின்றுபோனால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, 5 விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் ஊதுங்கள்; நெஞ்சு எழும்ப வேண்டும். வாயில் காப்பி, மோர் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

ஃபெண்டனிலை முறிக்கும் நலோக்சோன் ஊசியில் கண்விழித்தாலும் உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ஊசி ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தோலுக்கடியில் தங்கிய ஃபெண்டனில் பாதி குறையவே 17 மணி நேரமாவது ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பேட்ச்சின் உறையை எடுத்துப்போங்கள். பேட்ச்சின் வீரியம் 25ஆ 50ஆ என்பது அதில் இருக்கும்.