பந்து மெட்ரோ வண்டி இல்லை: அனிமேஷன் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமையானால் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். எல்லோரும் வைத்திருப்பது பிளெண்டர் என்கிற அனிமேஷன் சாஃப்ட்வேர்; காசு கொடுக்க வேண்டியதில்லை. வந்ததும் முதல் கேள்வி, "அண்ணா, ஒரு ஆள் நடக்கிற மாதிரி பண்ணலாமா?" என்பதுதான். முதல் தவறும் அதுதான். ஒரு பந்தைத் தரையில் ஒழுங்காக விழவைக்கத் தெரியாமல் நடையில் கைவைத்தால் எங்கே பிசகியது என்றே கண்டுபிடிக்க முடியாது.

சரி, பந்தையே எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கீஃப்ரேம், தரையில் ஒரு கீஃப்ரேம் வைக்கிறோம்; அதாவது இந்த நேரத்தில் பந்து இந்த இடத்தில் என்று குறித்து வைக்கிறோம். நடுவில் உள்ளதை சாஃப்ட்வேர் நிரப்புகிறது. அது இரும்புக் குண்டா, பலூனா என்பது அதற்குத் தெரியாது. எத்தனை ஃப்ரேம் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு தனிப் படம்), எந்த இடைவெளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து அரை நொடியில் தரையைத் தொட்டுவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் வெறும் 12 ஃப்ரேம். பிள்ளைகள் தாராளமாக நாற்பது கொடுப்பார்கள், பந்து மிதந்து வரும். அந்த 12-லும் முதல் ஆறு ஃப்ரேமில் 30 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்க வேண்டும்; மீதி 90 சென்டிமீட்டரும் அடுத்த ஆறில்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் நின்று பர்பிள் லைன் வண்டியைப் பாருங்கள். மெல்லக் கிளம்பும், வேகமெடுக்கும், அடுத்த ஸ்டேஷன் வந்ததும் மெல்ல நிற்கும். பிளெண்டரில் கீஃப்ரேம் வைத்தால் வழக்கமாகக் கிடைப்பதும் இந்த அசைவுதான். வண்டிக்குச் சரி. பந்துக்கு? தரையைத் தொடப்போகும் நேரத்தில் பிரேக் போட்டு இறங்கும். அசைவைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையில் உள்ள கீஃப்ரேமைத் தேர்ந்து, வி கீயை அழுத்தி 'வெக்டர்' என்று மாற்றுங்கள். கோடு அங்கே கூர்மையாக ஒடியும். உச்சியில் வளைவை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே பந்து தயங்கத்தான் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்கிற இன்னொரு சாஃப்ட்வேரில் எல்லாக் கீஃப்ரேமையும் தேர்ந்து, மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கவைக்கும் எஃப்9 கீயைத் தட்டுபவர்களுக்கும் இதே கதைதான்.

தரையில் மோதும்போது பந்தை நசுக்குவது அழகு. ஆனால் உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து சுருங்கியதாகத் தெரியும். தட்டைப் படத்தில் (2டி) உயரம் 0.8 மடங்கு என்றால் அகலம் 1.25 மடங்கு.

அடுத்தது சுழலும் பொருள்கள். ஆரிஜின் என்கிற சின்ன ஆரஞ்சுப் புள்ளி எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் பொருள் திரும்பும். ஆட்டோ சக்கரம் தள்ளாடினால் புள்ளி நடுவில் இல்லை என்று அர்த்தம். கதவுக்கு அது கீல் பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 சென்டிமீட்டர் நகர வேண்டும். கணக்குத் தப்பினால் மழைக்காலச் சேற்றில் வழுக்குகிற ஆட்டோவாகிவிடும். (சில சமயம் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.)

தொடர்ந்து சுற்றுகிற லூப் செய்யும்போது, 1-ஆம் ஃப்ரேமும் 25-ஆம் ஃப்ரேமும் ஒன்றாக இருந்தால் 24 வரை மட்டும் ரெண்டர் செய்யுங்கள், அதாவது முடிந்த படமாக வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல் வரும்.

நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்கிற ஃப்ரேம் ரேட்டைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பாதியில் 24-ஐ 30 ஆக்கினால் பிளெண்டரில் கீஃப்ரேம்கள் பழைய எண்ணிலேயே நிற்கும். அரை நொடி வீழ்ச்சி 0.4 நொடியாகிவிடும்.

அப்புறம் ரெண்டர். நேராக எம்பி4 வீடியோ ஃபைலாகக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த ஃபைல் பெரும்பாலும் திறக்காது. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாக எடுத்தால் நின்ற ஃப்ரேமிலிருந்து தொடரலாம். பிறகு பிளெண்டரின் வீடியோ சீக்வென்சரிலேயே சேர்த்து வீடியோவாக்கிக்கொள்ளலாம்.