கோ மொழியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

பைத்தான், ஜாவா ஆகிய நிரல் மொழிகளில் ஒரு பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சிறிய எழுத்தில் தொடங்குவதா என்பது வெறும் மரபு. மீறினாலும் நிரல் ஓடும். 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில் அது இலக்கண விதி. ஒரு பேக்கேஜில் (நிரல் கோப்புகளின் தொகுப்பில்) உள்ள ஃபங்ஷன், வகை, மாறி, மாறிலி, ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் வகையின்) புலம் என எதுவாயினும், முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் பிற பேக்கேஜ்கள் அதைப் பயன்படுத்த முடியும். ஜாவாவில் பப்ளிக், பிரைவேட் என்ற சொற்கள் செய்யும் வேலையை இங்கே அந்த ஓர் எழுத்தே செய்துவிடுகிறது.

ஆகவே எதை எழுதினாலும் முதலில் சிறிய எழுத்தில் தொடங்குங்கள். வெளியிலிருந்து அழைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே எழும்போது மட்டும் பெரிதாக்குங்கள். பெரிய எழுத்தில் வெளியிட்ட பெயரைப் பின்னாளில் சிறியதாக்கினால், அதை நம்பிப் பிறர் எழுதிய நிரல்கள் கம்பைல் ஆகாமல் (இயங்கும் வடிவத்துக்கு மாறாமல்) நின்றுவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவம். ஒரு ஸ்ட்ரக்டில் 'நேம்', 'ஏஜ்' என்ற இரு புலங்களையும் சிறிய எழுத்தில் தொடங்கி, மதிப்புகளையும் நிரப்பி, மார்ஷல் செய்து (அதாவது ஜேசானாக மாற்றி) பாருங்கள்: பிழைச் செய்தி எதுவும் வராது, {} என்ற வெற்று அடைப்பு மட்டும் கிடைக்கும். ஜேசானைக் கையாளும் பேக்கேஜ் உங்கள் பேக்கேஜுக்கு வெளியே இருப்பதால், சிறிய எழுத்துப் புலங்களை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. புலத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, ஜேசானில் சிறிய எழுத்துதான் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு டேக் (புலத்துக்கான குறிப்பு) எழுதுங்கள். டேக் எழுதிவிட்டு எழுத்தை மாற்ற மறந்திருந்தால், நிரலில் தவறுகளைத் தேடும் 'கோ வெட்' கட்டளை அதைச் சுட்டிக்காட்டும்.

சோதனை ஃபங்ஷன்களிலும் இதே கவனம் தேவை. 'டெஸ்ட்' என்பதை அடுத்து வரும் எழுத்து சிறியதாக இருந்தால் அது சோதனையாகவே கருதப்படாது.

பல சொற்கள் சேர்ந்த பெயரில் அடிக்கோடு வேண்டாம். இரண்டாம் சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிதாக்கினால் போதும். யூஆர்எல், ஐடி போன்ற சுருக்கங்களை முழுதும் பெரிதாகவோ முழுதும் சிறிதாகவோ எழுதுவதே வழக்கம். மாறிலிகளை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும் சி மொழிப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அப்படி எழுதினால் உள்ளுக்குள் மட்டும் இருக்க வேண்டியதும் வெளியே தெரியும். பேக்கேஜ் பெயர் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

தமிழிலேயே பெயர் வைக்க விரும்புவோருக்கு இந்த விதி இடைஞ்சல்தான். நம் எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லாததால், 'பல' என்ற பெயர் கம்பைல் ஆகும், ஆனால் பேக்கேஜைத் தாண்டாது. தாண்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றை ஒட்டியாக வேண்டும். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும் 'வயது' என்ற பெயரோ கோ மொழியில் கம்பைலே ஆகாது, ஏனெனில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் பெயரின் பகுதியாக அம்மொழி அனுமதிப்பதில்லை.