கிரேஃபிஷ் வளர்க்க மதுரைத் தண்ணீர் போதும்

ஒரு தொட்டிக்கு ஒரு கிரேஃபிஷ் (பெரிய கொடுக்குகளோடு இறால் போலிருக்கும் நன்னீர் உயிரி). வாங்கக் கிளம்பும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். கடைத் தொட்டியில் குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதைப் பார்த்து ஜோடியாக வாங்கிவிடுகிறார்கள். வளர்ந்தபின் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். அடியில் படுத்துறங்கும் மீன்களுக்கும் இரவில் அதே கதிதான்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி போதும். 50 லிட்டர் தாராளமாகப் பிடிக்கும். மூடி கட்டாயம் வேண்டும். காற்றுக் குழாயைப் பற்றிக்கொண்டே ஏறி வெளியே வந்துவிடும் என்பதால், குழாய் நுழையும் ஓட்டையையும் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டும் ஒரு மண்சட்டியும் போடுங்கள். நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு ஒரு கல்லும் இருக்கட்டும். மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால், அதன்மேல் ஏறி ஈரச் செவுளோடு சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும்.

திருநகரில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படியும். பருப்பு வேகாத அந்தத் தண்ணீர்தான் இதற்கு அருமை. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து விட்டு ஊற்றுங்கள். புதுத் தொட்டியில் ஃபில்டரை நான்கைந்து வாரம் ஓட்டி, அம்மோனியா இல்லை என்று சோதித்தபின் விடுவது நல்லது.

ஓடு கழற்றும் நாட்களில்தான் நிதானம் வேண்டும். சில நாட்கள் தின்னாமல் ஒளிந்துகிடக்கும். பிறகு ஒருக்களித்துச் சாயும். முதுகு ஓடும் வாலும் சேரும் இடத்தில் ஒரு பிளவு விழும். அந்த வழியாக உடலையும் கால்களையும், கடைசி மீசை இழை வரைக்கும், உருவிக்கொண்டு வெளியே வரும். கழன்ற ஓடு கண், கொடுக்கு எல்லாவற்றோடும் முழு உருவமாகக் கிடப்பதால், செத்துவிட்டது என்று பதறிப் பலர் எடுத்து எறிந்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அதைத் தின்றுதான் புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். ஓடு கெட்டியாகும் வரை கையால் தொடுவதோ தொட்டியைக் கிளறுவதோ கூடாது. முன்பு இழந்த கொடுக்கு இப்போது சிறிதாக முளைத்திருக்கும். அடுத்தடுத்த முறைகளில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

தீனிக்குக் குறைவில்லை: வேகவைத்த கேரட், பட்டாணி, கொஞ்சம் முருங்கைக்கீரை, காய்ந்த பாதாம் இலை, வாரம் ஓரிரு முறை ஒரு துண்டு இறால். விளக்கணைத்தபின் போட்டு, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

கத்திரி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலையும் வரை ஏர் பம்பை நிறுத்துங்கள். அறைக் காற்றைத்தான் அது உள்ளே தள்ளுகிறது. பூச்சிமருந்து மீனை விடவும் இதை வேகமாகக் கொல்லும். மீன் மருந்துகளில் தாமிரம் கலந்தவையும் ஆகாது.

வளர்க்க முடியாமல் போனால் கடையிலோ நண்பரிடமோ கொடுங்கள். தென்கால் கண்மாயிலோ மாடக்குளத்திலோ விடவே கூடாது. அமெரிக்கச் சிவப்பு கிரேஃபிஷ் 1973-இல் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அங்குள்ள நெல்வயல் வரப்புகளைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. மார்பிள் கிரேஃபிஷ் என்ற வகையில் எல்லாமே பெண். ஆண் துணையின்றியே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மண்ணால் ஆன நம் கண்மாய்க் கரைக்குள் இவை வளை தோண்டினால் யார் போய் அடைப்பது? தண்ணீர் மாற்றும்போதும் வாளியில் குஞ்சு ஏதும் இல்லை என்று பார்த்து, சாக்கடையில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள்.